லுண்டுப் தின்ற விதைக்கிழங்கு

குன்சஸ் அச்சேயின், அதாவது குன்சஸ் அக்காவின், தோட்டம் நாலு கம்பளம் விரித்தால் மூடிவிடும் அளவுதான். ஆனாலும் எங்கள் ஊரின் பதினெட்டு வீட்டுத் துக்பா சூப்பும் அதை நம்பித்தான் கொதித்தது.

இந்தப் பனிமலை ஊரில் மண் இளகுவதற்கே மே மாதம் ஆகிவிடும். செப்டம்பர் பாதியில் உறைபனி வந்துவிடும். மழை வழிதவறி வந்தால்தான் உண்டு. வாய்க்காலில் நம் முறை வரும்போது மடை திறந்தால் தண்ணீர். இந்த அவசரத்தில் டர்னிப் கிழங்கு வைக்கும், விதை வைக்காது. நல்ல கிழங்காகப் பொறுக்கிக் குழியில் மண்மூடி வைத்து, குளிர் போனதும் மறுபடி நட்டால், இரண்டாவது கோடையில்தான் பூத்துக் காய்க்கும். அத்தனை பொறுமை ஊரில் வேறு ஒருத்திக்கும் கிடையாது. டவுன் விதையோ எங்கள் குளிரைத் தாங்காது. மே மாதம் எல்லாரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அச்சே வாசலில் வந்து நிற்பார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. கோப்பைகளுக்கு விதை அளக்கும் அந்த ஒரு நாள் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷம் செப்டம்பர் மூன்றாம் தேதியே பனி இறங்கி, காய் எல்லாம் பச்சையிலேயே கருகிவிட்டது. ஒரு பிடி விதை தேறவில்லை. மிஞ்சியது குழியில் புதைத்த ஐந்து விதைக்கிழங்கு. "வர்ற கோடை பொறுத்துக்கோங்க. அடுத்த மேயில கோப்பை நிறைய தர்றேன்" என்று அச்சே வீடு வீடாக வாக்குக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் அவள் கணவன் லுண்டுப்புக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கணவாய் முழுக்கப் பனி. டவுனுக்குக் கொண்டுபோக வழியில்லை. ஊர் வைத்தியர் பொடி கொடுத்து, "உள்ள ஏதாவது இறங்கணும். இல்லாட்டி என் மருந்து வீண்" என்றார். சத்துமாவு இறங்கவில்லை, வெண்ணெய் டீ இறங்கவில்லை. பதினோராம் நாள் அவர் கண்ணைத் திறந்தார்.

"குன்சஸ், ரெண்டு துண்டு டர்னிப் போட்டு துக்பா வெச்சுத் தாயேன்."

ஊரில் எல்லார் வீட்டிலும் சாப்பாட்டுக் கிழங்கு தீர்ந்து ஒரு மாதமாகியிருந்தது. அச்சே குழிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றே ஒன்று என்று சொல்லிக்கொண்டு சின்னதாகப் பார்த்து எடுத்தாள். அவர் அரைக் கிண்ணம் குடித்தார். மறுநாளும் கேட்டார். ஐந்தாவது கிழங்கை நறுக்கும்போது அவளுக்கு ஊரை நினைத்துப் பயம் இருந்தது, ஆனாலும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் பானையில் போட்டாள்.

"குழில இன்னும் இருக்கா?" என்றார் ஒருநாள்.

"இருக்கு. பேசாம குடி."

ஏப்ரலில் லுண்டுப் கோலூன்றி நடந்தார். மே மாதம் விதைக்கிழங்கு நடும் நாள் வந்தது, போனது. அச்சே வெறும் மண்ணையே கொத்திக்கொண்டிருந்தாள். யாராவது எட்டிப் பார்த்தால் குனிந்துகொள்வாள். ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று தூக்கம் போயிற்று.

ஒரு காலை வேலியோரம் பெண்கள் திரண்டு வந்தார்கள். எல்லார் கையிலும் கோப்பை. முன்னால் பக்கத்து வீட்டு யாங்டோல், வாய்க்குப் பூட்டே போடாதவள். அச்சே மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"யாங்டோல், விதைக்கிழங்கு..."

"தெரியும். உன் வீட்டுக்காரர், லுண்டுப் மேமே, நேத்து கோலத் தட்டிக்கிட்டு வீடு வீடா வந்தாரு. குழியத் தோண்டிப் பாத்தாராம், ஒண்ணுமில்லையாம். 'ஊர் விதைய நான் தின்னுட்டேன், அவள ஒண்ணும் கேக்காதீங்க'ன்னாரு. ஊரையே முழுங்கிட்டு ஒரு ஏப்பம்கூட விடலையே அந்த மனுஷன்."

பெண்கள் சிரித்தார்கள். அச்சேக்குச் சிரிப்பு வரவில்லை. யாங்டோல் தன் கோப்பையை நீட்டினாள். அடியில் பழைய விதை ஒரு சிட்டிகை, டப்பா மூலையில் சுரண்டியது. ஒவ்வொரு கோப்பையிலும் அப்படித்தான்.

"முளைக்குதோ இல்லையோ, போடு அச்சே. வர்றதுல ஒண்ணையும் யாரும் திங்கப் போறதில்ல. அத்தனையும் விதைக்குத்தான்."

அப்படியானால் இன்னும் இரண்டு குளிர்காலம் டர்னிப் இல்லாத துக்பா. "என் வீட்டுக்காரனுக்காக நீங்க எதுக்கு..." என்று ஆரம்பித்து அச்சே அழுதுவிட்டாள்.

முப்பத்தொன்று முளைத்தது. முப்பத்தொன்றும் குழிக்குப் போய், மறு கோடையில் மஞ்சளாகப் பூத்தது. செப்டம்பரில் பனிக்கு முந்திக்கொண்டு காய் முற்றியது. அச்சே விதையை உதிர்த்துப் பையில் கட்டினாள். விதைக்க இன்னும் ஒரு குளிர்காலம் பாக்கி.

அந்த நவம்பரில் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டுவதற்கு லுண்டுப்பை லே நகரத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே உறவுக்காரி ஆவி பறக்கத் துக்பா கொண்டுவந்து வைத்தாள். நிறைய டர்னிப். இரண்டு வருஷமாக நாக்கு மறந்த வாசனை. அச்சே கரண்டியை எடுத்துவிட்டாள்.

லுண்டுப் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேமே, டர்னிப் பிடிக்காதா?" என்றாள் உறவுக்காரி.

"உசுரு. ஆனா ஊர்ல இன்னும் யாரும் சாப்பிடல. நான் என் பங்கை முன்னாடியே சாப்பிட்டுட்டேன்மா."

அச்சே அவரைப் பார்த்தாள். இந்த மனிதரை அன்று பிழைக்க வைத்தோமே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் கிண்ணத்திலிருந்த டர்னிப்பையும் எடுத்து அவர் தட்டோரத்தில் வைத்துவிட்டு, வெறும் துக்பாவைக் குடித்தாள்.