சோலைமுத்துவின் பச்சைக் கொடி

சோலைமுத்துவுக்குப் பிழைப்பு புல்லோடு. துபாய்க்கு வெளியே மணல்காட்டு ஓரத்தில் இருக்கிற விளையாட்டு மைதானத்தில் தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது, வெள்ளைக் கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர்தான். முதுகுளத்தூர்க்காரர். ரூம் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு தொழிலாளர் கேம்பில். பொண்டாட்டி மாரியம்மாள் ஊரில். கோபக்காரர் என்று கேம்பில் பேர். அவரைக் கேட்டால் இல்லை என்பார், அதையும் கோபமாகத்தான் சொல்வார்.

சனிக்கிழமையானால் அந்த மைதானத்துக்கு அயர்லாந்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். வாத்தியார், நர்ஸ், இன்ஜினியர் என்று இங்கே வந்து கிடக்கிறவர்கள். கேலிக் ஃபுட்பால் என்று அவர்கள் ஊர்ப் பந்தாட்டம். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தலாம். மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் கம்பம் இரண்டு ஆகாசத்தைப் பார்த்து நிற்கும், நடுவில் குறுக்கே ஒரு கம்பு. கம்புக்கு மேலே பந்து போனால் ஒரு பாயிண்ட். கம்புக்குக் கீழே கோட்டைத் தாண்டினால் கோல், அதற்கு மூன்று பாயிண்ட். கம்பத்துக்கு ஒருத்தராக, டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டுப் போட்டு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருத்தர் கையில் வெள்ளைக் கொடி, அது பாயிண்டுக்கு. இன்னொருத்தர் கையில் பச்சை, அது கோலுக்கு.

முன்பு ஒரு நாள் ஆள் வராமல் போய், ஆட்டத்தை நடத்துகிற டெக்லன் சார் சோலைமுத்துவைக் கூப்பிட்டுக் கோட்டு மாட்டிப் பச்சைக் கொடியைக் கையில் கொடுத்தார். அதோடு அது அவர் கொடி. கோல் எப்போதாவதுதான் விழும். ஆனால் விழுந்தால் அத்தனை பேரும் கொடியைத்தான் பார்ப்பார்கள். கொடி ஏறினால்தான் கத்துவார்கள். நாள் முழுக்க யாரும் ஏறிட்டுப் பார்க்காத மனுஷன் கையைத் தூக்க, ஒரு கூட்டமே ஓவென்று எழும். அதற்காகவே அவர் சனிக்கிழமை லீவு எடுத்ததில்லை.

அவர் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டவன் ராஜிக்.

ராஜிக் கீழக்கரைக்காரன். துபாய் கராமாவில் ஃபேன்ஸி கடை வைத்திருந்து, அது படுத்துப் போய், இப்போது மைதானத்து ஸ்டோர் ரூமைப் பார்க்கிறான். சோலைமுத்துவைவிட இரண்டு வயது இளையவன்தான். ஆனால் கடையில் பேசிப் பழகிய வாய். வந்த கொஞ்ச நாளிலேயே ஆட்டக்காரர்களின் பேர், அவர்கள் பிள்ளைகளின் பேர் எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டான். "ராஜிக்! ராஜிக்!" என்று தோளில் தட்டுவார்கள். சோலைமுத்துவைப் பார்த்தால் கட்டைவிரலைத் தூக்குவார்கள், அவ்வளவுதான்.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் வந்தது. நமக்கு மாவட்டம் மாதிரி அவர்களுக்குக் கவுண்டி. இங்கே இருக்கிற கெர்ரி கவுண்டிக்காரர்கள் பச்சையும் மஞ்சளும் போட்டு ஒரு பக்கம். கால்வேக்காரர்கள் அரக்குச் சட்டையில் மறுபக்கம். கூட்டம் எப்போதும் வருவதைப்போல நாலு மடங்கு.

டெக்லன் சார் அவசரத்தில் வந்தார். கோட்டுகளை நீட்டினார். "ராஜிக், க்ரீன். முத்து, வைட். யல்லா!" சீக்கிரம் என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சோலைமுத்து கோட்டை மாட்டாமல் நின்றார். "டேய், அது என் கொடி."

"சார் குடுத்தாக, நான் வாங்கினேன். நான் என்ன பிடுங்கவாண்ணே செஞ்சேன்?"

"பல்லைக் காட்டிப் பேசியே வாங்கிட்ட."

"வெள்ளையும் கொடிதானண்ணே. அடிக்கடி ஆட்டலாம். கைக்கு நல்ல எக்சர்சைசு."

ஆட்டம் ஆரம்பித்ததும் அவன் சொன்னது மாதிரியேதான் ஆனது. பந்து மேலே மேலே போனது. சோலைமுத்து ஆட்டினார், ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் திரும்பவில்லை.

"ஈ ஓட்டுறியளாண்ணே?" என்றான் ராஜிக், பச்சைக் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி.

"வாயை மூடிட்டுப் பந்தைப் பாரு."

உள்ளுக்குள்ளே அவர் கருப்பசாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இந்தக் கம்பத்தில் இன்றைக்குக் கோல் விழக்கூடாது. யார் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன? இவன் கையில் அந்தக் கொடி ஏறக்கூடாது.

கருப்பசாமியும் கேட்டார் போலிருக்கிறது. ஆட்டம் முடியப் போகிற நேரம்; கால்வே இரண்டு பாயிண்ட் பின்னால். கோல் ஒன்றும் இல்லை. சோலைமுத்துவுக்கு மனசு குளிர்ந்தே போயிருந்தது.

அப்போது கால்வேயின் நெட்டைக்காரன் ஒருத்தன் பந்தை ஓங்கிக் குத்தினான். கெர்ரியின் கோல்கீப்பர் கம்புக்கு அடியில் அதைப் பிடித்தான். பிடித்தவன் வேகத்தில் பின்னால் சரிந்து, பந்தோடு கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து, புரண்டு எழுந்து பந்தை வெளியே எறிந்தான். சோலைமுத்து நின்ற கம்பத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தது. கோல். ராஜிக்குக்கு முன்னால் இரண்டு தடியன்கள் மல்லுக்கட்டி மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, உள்ளயா வெளியயா?"

இல்லை என்று தலையாட்டினால் முடிந்தது. கொடி ஏறாது. ஒருத்தருக்கும் தெரியாது. தலை ஆடப் பார்த்தது. ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் இவன் தூக்குவான், கூட்டம் இவனுக்குக் கத்தும். சோலைமுத்து வெள்ளைக் கொடியைக் கீழே போட்டார். வலைக்குப் பின்னால் ஓடினார். ராஜிக் கையிலிருந்த பச்சையைப் பறித்து, எம்பி எம்பி ஆட்டினார்.

கத்தினார்கள்தான். கெர்ரிக்காரர்கள் அவர் முகத்துக்கு நேரே வந்து கத்தினார்கள். கொடி யாருடையது, இவன் யார் தூக்க? ரெஃப்ரி விசிலடித்து ஓடி வந்தார். சோலைமுத்து, "ஐ சீ, ஐ சீ" என்றார். ரெஃப்ரி அவரைப் பார்க்கவே இல்லை. ராஜிக் பக்கம் திரும்பி, பச்சைக்கு நீதானே ஆள், கோலா இல்லையா என்று கேட்டார்.

 ராஜிக் பார்க்கவில்லை என்று சோலைமுத்துவுக்குத் தெரியும். கொடியைப் பறித்த கையும் இன்னும் கீழே இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோட்டைக் கழற்றச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ராஜிக் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தான்.

"கோல், சார்" என்றான். "ஃபுல் பால் இன்சைட்."

கோல் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. கால்வேக்குக் கோப்பை. அரக்குச் சட்டைக்காரர்கள் ஓடி வந்து ராஜிக்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவன் மேலேயிருந்து, "நானில்லை, முத்தண்ணன்தான் பார்த்தாரு!" என்று கத்தினான். தமிழில் கத்தினால் அவர்களுக்கு என்ன தெரியும்? இன்னும் உயரத் தூக்கினார்கள்.

சோலைமுத்து வலையை அவிழ்க்கப் போனார். இறக்கிவிட்டதும் ராஜிக் வந்து பக்கத்தில் நின்றான்.

"நீங்க நெசமாப் பாத்தியதானண்ணே?"

"பாத்தேன்டா. நீ பாக்கலல்ல? பின்ன எதுக்குச் சொன்ன?"

"நீங்க கொடிக்காக என்னைத் தள்ளுவிய, கிள்ளுவிய. பொய் சொல்ல மாட்டியண்ணே."

தலை ஆடப் பார்த்தது சோலைமுத்துவுக்கு மட்டும்தான் தெரியும். இவன் திட்டியிருக்கலாம். பறித்ததற்கு ஒரு அடி வைத்திருந்தால்கூடத் திருப்பி ஒன்று கொடுத்துவிட்டு ரூமுக்குப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பார். கொடியையும் விட்டான், கோலையும் கொடுத்தான், நல்லவன் என்கிற பேரையும் அவனே எடுத்துக்கொண்டான்.

"அந்த முனையைப் பிடிக்கவாண்ணே?"

"ஒண்ணும் வேணாம். போடா."

போகவில்லை. பிடித்தான். வலை சீக்கிரமே இறங்கியது. அதுவும் சோலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.