இரண்டு நாள் மூட்டை

கிணறு வற்றி இரண்டாவது கோடையும் போன பிறகு அப்பாவுக்கு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை கிடைத்தது. தோல் பதனிடுகிற இடத்தை அங்கே ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். தோலைத் தொடுகிற வேலை இல்லை. பதனிடுவதற்காக வண்டிகளில் வந்து இறங்கும் ஆவாரம்பட்டையை நிறுத்து வாங்கிக் கிடங்கில் அடுக்குகிற வேலை. திருப்பத்தூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அப்பா இதைப் பலரிடம் விளக்கிச் சொன்னார். அந்த வித்தியாசத்தை யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அம்மாவின் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "தோல் நாத்தத்துல குடித்தனம் பண்றதுக்கா எங்க வூட்டுப் பொண்ணக் குடுத்தோம், மாப்ள? நீ போறதுன்னா போ. அவ வரமாட்டா."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தோளில் தட்டிக்கொண்டே, "அண்ணன் சொல்றதுதான்" என்றாள்.

அப்பா சண்டை போடவில்லை. "சரி, ஆவணியில பேசிக்கலாம். ஆனா ஆடி பொறந்துட்டா புது வூட்டுல பால் காய்ச்ச முடியாது. பெரிய புள்ளைங்க ரெண்டையும் கூட்டிம்போய் காய்ச்சிட்டு, ரெண்டு நாள்ல கொண்டாந்து வுட்டுர்றேன். புள்ளைங்க இல்லாம காய்ச்சினா வூடு வெளங்காது" என்றார். அப்படி ஒரு சம்பிரதாயம் உண்டா என்று மாமா யோசித்து முடிப்பதற்குள் ஆம்பூருக்குப் போகிற பட்டை வண்டி வந்துவிட்டது.

அம்மா எங்கள் துணிகளை ஒரு பழைய புடவையில் கட்டி என் மடியில் வைத்தாள். மூட்டை கனத்தது. "நீயே வெச்சுக்கோ. அப்பா கையில குடுக்காத" என்றாள். நான் யாரையும் எதுவும் கேட்கிற பிள்ளை இல்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். பட்டைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள், நானும் தங்கையும் மாறி மாறி வாந்தி எடுத்தோம்.

புது வீடு என்பது ஷாப்பின் பின்சுவரை ஒட்டிய ஓர் அறை. தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியின் வாடை கதவைச் சாத்தினாலும் உள்ளே இருந்தது. அப்பா பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தார். பொங்கி வழிந்தால்தான் வீடு ராசியான வீடு. பாலில் தண்ணீர் ஜாஸ்தி போலிருக்கிறது. கொதித்ததே தவிர பொங்கவில்லை. அப்பா கண் எரிய எரிய ஊதிப் பார்த்தார். கடைசியில் பாத்திரத்தின் விளிம்பைக் கரண்டியால் லேசாகச் சாய்த்தார்.

"பொங்கிடுச்சு" என்றார்.

"நீதான சாய்ச்ச?" என்றாள் தங்கை.

"எப்படி வுழுந்தா இன்னா? வுழுந்துச்சா இல்லியா?"

இரண்டு நாள் முடிந்தது. அப்பா கிளம்பும் பேச்சை எடுக்கவில்லை. ஆடி பிறந்தது. "ஆடியில புள்ளைங்கள வழிப்பயணம் கூட்டிப் போவக் கூடாதுடா" என்று புதிதாக ஒன்று சொன்னார். விடியும்போதே ஷாப்புக்குப் போய்விடுவார். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் தங்கை எழுந்து ஓடுவாள். பின்னால் நான் ஓடுவேன். உள்ளே உட்கார்ந்தால் வெளியே போகத் தோன்றும்; வெளியே நின்றால் மூட்டையை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பாய் வீட்டம்மா, தங்கையின் தலை சிக்குப் பிடித்துக் கிடப்பதைப் பொறுக்காமல் ஒரு நாள் உள்ளே வந்தார். காலா என்று கூப்பிடச் சொன்னார்; சின்னம்மா என்று அர்த்தமாம். சீப்பு தேடி எங்கள் மூட்டையை அவிழ்த்தார். சீப்புக்கு முன்னால் என் தீபாவளிச் சட்டை வந்தது. அப்புறம் என் சிலேட்டு, மார்கழிக்குப் போர்த்தும் கம்பளி, அடுத்த வருஷத்துக்குச் சரியாக இருக்கட்டும் என்று தங்கைக்கு நீளமாகத் தைத்த பாவாடை.

"எத்தினி நாளுக்கு வந்தீங்க, பேட்டா?"

"ரெண்டு நாளுக்கு."

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வாசலில் நின்ற தன் மகளிடம் உருதுவில் ஏதோ சொன்னார். அவளும் சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவர்கள் போனதும் எல்லாவற்றையும் பழையபடி கட்டி, தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

ஆடி பாதியில் ஒரு பட்டை வண்டியிலிருந்து அம்மா இறங்கினாள். இடுப்பில் தம்பி, தலையெல்லாம் பட்டைத் தூள். "புள்ளைங்கள கூட்டிம்போவ வந்தேன். அண்ணன்கிட்ட அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள். "பால் பொங்கிச்சா?"

அப்பா கரண்டியால் சாய்த்ததைத் தங்கை சொல்லிவிட்டாள்.

அம்மா என்னைக் காலாவிடம் அனுப்பித் தண்ணீர் கலக்காத பால் வாங்கி வரச் சொன்னாள். அது நுரைத்து எழும்பி, அடுப்பை அணைத்துவிடும் அளவுக்கு வழிந்தது. "ஆடியில காய்ச்சலாமா?" என்றார் அப்பா. "புள்ளைங்களுக்குப் பசிக்கு காய்ச்சறேன். ஆடிக்கு இன்னா வந்துச்சு?" என்று எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் கிளம்பலாமா என்று அப்பா பயந்துகொண்டே கேட்டார்.

"ஆடியில புள்ளைங்கள வழிப்பயணம் கூட்டிப் போவக் கூடாதுன்னு சொன்னீங்களாமே" என்றாள் அம்மா.

ஆவணி வந்தது. யாரும் கிளம்பவில்லை. நான் மட்டும் என்றைக்குக் கிளம்பச் சொல்வார்களோ என்று உடுத்துகிற துணியை எடுத்ததும் மூட்டையைத் திரும்பக் கட்டியே வைத்திருந்தேன். பிள்ளைகளைக் காட்டி அம்மாவை வரவழைத்ததைப் பற்றி அப்பா கிடங்கு ஆட்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அம்மா அரிசியில் கல் பொறுக்கியபடி, "ஆமா, ஏமாந்துட்டேன்" என்பாள்.

தீபாவளி விடிந்தபோது அம்மா பானைக்குப் பின்னால் கை விட்டு மூட்டையை இழுத்தாள். எதையும் கலைக்காமல், நேராக என் சட்டையை உருவி எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். சட்டை நன்றாயிருக்கிறது என்றார் அப்பா. அது எப்படி இங்கே வந்தது என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் மூட்டையில் அதை மறதியாக வைத்துவிட்டிருக்கிறாள், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.