ஆறாம் நாள் உபயம்

அம்பாங்கானில் எங்கள் வீட்டு வரிசையில் என்னைச் சந்தேகக்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பாசாரில் மீன்காரன் தராசுத் தட்டில் விரல் வைத்தால் எனக்குத் தெரியும். மெக்கானிக் பழைய பேட்டரியைத் துடைத்துப் புதுசு என்று மாட்டினால் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ற மனுஷன் நான்கு கிரெடிட் கார்டில் அறுபத்து மூவாயிரம் வெள்ளி கடன் வைத்திருந்ததை மட்டும் கோட்டை விட்டேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் புவனேஸ்வரன் லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அப்பா சன்னாசி பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு, குடியிருந்த லயங்களை இடித்து, ஆட்களை வெளியே அனுப்பியபோது இவருக்குப் பதினேழு வயது. இப்போது நீலாயில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான் என்று எங்கள் காஸ் தோம்பை, அடுப்பு சிலிண்டரையே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று நாங்கள் ரொட்டி தின்றோம். இல்லை என்கிற சொல் அந்த வாயில் வரவே வராது.

லயங்கள் போனாலும் மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் அப்படியே இருக்கிறது. ஆடி மாதம் ஏழு நாள் திருவிழாவுக்குச் சிரம்பான், கிள்ளான் என்று சிதறிப்போனவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஒவ்வொரு நாள் செலவும் ஒரு குடும்பத்தின் உபயம். ஆறாம் நாள் எங்கள் மாமனார் குடும்பத்துக்கு. தேர் ஓடும் ஏழாம் நாள் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் குடும்பத்துக்கு. இப்போது அதைச் செய்வது மண்டோர் மகன் சத்தியசீலன், லாரி வைத்துத் தொழில் செய்பவர். திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் கூட்டம் போட்டு, கோயில் தலைவர் வெற்றிலைத் தட்டை நீட்டுவார். தட்டை வாங்கினால் அந்த வருஷச் செலவு உங்கள் தலையில். வாங்காவிட்டால் தட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அப்படிப் போன நாள் எந்தக் குடும்பத்துக்கும் திரும்பி வந்ததில்லை.

போன வருஷம் பங்குனியில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. இவர் கைபேசியைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். மணி அடித்தால் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பேசினார். "நாளைக்குக் கண்டிப்பா" என்று கெஞ்சுகிற குரல் காதில் விழுந்தது. பொம்பளைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு நாள் இவர் குளிக்கப் போன நேரம் கைபேசி அடித்தது, எடுத்தேன். ஆண் குரல், தமிழிலேயே கேட்டது.

"மிஸ்டர் புவனேஸ்வரன் இருக்காரா? பேங்க் சார்பா பேசறேன். மூணு மாச பாக்கி இருக்கு."

"யாருகிட்ட லா ஸ்கேம் பண்ற? போலீஸ்ல குடுத்துடுவேன்!" என்று கத்தினேன். அவன் அசரவில்லை. எங்கள் வீட்டு நம்பரைச் சொன்னான், ஜாலான், தெருப் பெயரைச் சொன்னான், இவருடைய ஐசி அட்டை நம்பரின் கடைசி நான்கு எண்ணையும் சொன்னான். இவர் ஒளிந்து பேசுவது கார் பக்கம்தானே. சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரைத் துழாவினேன். பின்னால் ஸ்பேர் டயருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பேங்க் கடிதங்கள்.

துண்டோடு வந்து நின்றவர் முன்னால் பையைக் கொட்டினேன்.

"பொம்பளையா, நாலு நம்பர் லாட்டரியா? எதுல போச்சு இவ்ளோ காசு?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல ரதி. கோயிலுக்கு லா."

"என்னா கோயிலுக்கு?"

"ஆறாம் நாளு."

ஒன்பது வருஷம் முன்னால் கம்பெனியில் போனஸ் போடவில்லை. அதே வருஷம்தான் மாமனார் இறந்தார். அப்பா நாளை விடக்கூடாது என்று கார்டில் மூவாயிரம் ரொக்கமாக எடுத்திருக்கிறார். அடுத்த வருஷம் சத்தியசீலன் இரண்டு உறுமி மேளம் கொண்டுவந்தார். இவர் மூன்று கொண்டுவந்தார். அவர் நானூறு பேருக்குச் சோறு போட்டார். இவர் ஐந்நூறு பேருக்குப் போட்டார். அப்புறம் கோபுரத்துக்கு லைட், கூடாரம், வாழைத்தோரணம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, அந்தக் கார்டில் எடுத்து இந்தக் கார்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வட்டி தன்பாட்டுக்கு ஏறியிருக்கிறது.

"சாமிக்குத்தான ரதி செஞ்சேன்."

"சாமியா வந்து மூணு மேளம் கேட்டுச்சு? சத்தியசீலன் மூக்கு உடையணும்னு செஞ்சீங்க!"

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. மறுநாளே கோயில் தலைவர் தங்கராஜு அண்ணனிடம் போய், வரிக் கணக்குக்கு வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, ஒன்பது வருஷ ரசீதையும் பார்த்தேன். காசு சுத்தமாகக் கோயிலுக்குத்தான் போயிருந்தது. ஒரு பொம்பளையாக இருந்திருந்தால் துடைப்பக்கட்டையோடு போய் நின்றிருப்பேன். அம்மனிடம் எதைத் தூக்கிக்கொண்டு போவது?

பிறகு வந்தான் சுகுமாறன். இவர்கள் லயத்தில் மூன்றாவது வீட்டில் வளர்ந்தவன். கழுத்தில் டை, கையில் கோப்பு. "அண்ணி, நான் இருக்கேன்ல. நாலு கார்டையும் ஒன்னாக்கி, கடனப் பாதியா குறைச்சுத் தர்றேன். பைல் ஓப்பன் பண்ண நாலாயிரத்து ஐந்நூறு மட்டும் முன்னால குடுங்க போதும்" என்றான். என் வீட்டுக்காரர் கண் என் வளையல் மேல் போனது.

"நம்ம லயத்துப் பையன் ரதி. ஏமாத்துவானா?" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

"ஆபீஸ் எங்க தம்பி இருக்கு?" என்றேன்.

"எல்லாம் வாட்ஸ்அப்லயே பண்ணிடலாம் அண்ணி."

"முத்திரை போட்ட ரசீது குடுப்பியா?"

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, கார் இடைஞ்சலாக நிற்கிறது என்று எழுந்தான். அதோடு சரி, போன் போட்டாலும் எடுப்பதில்லை. ஒரே தோட்டத்துத் தண்ணீர் குடித்தவன் என்றால் இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். அந்த நோய்க்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

பேங்கில் தவணை கேட்கப் போன இடத்தில் சுவரில் ஒரு தாள் பார்த்தேன். கடன் ஆலோசனை, அரசாங்க ஏற்பாடு, கட்டணம் இல்லை என்று மலாயில் போட்டிருந்தது. கட்டணம் இல்லை என்றதைப் படித்ததுமே சந்தேகம் வந்தது. மூன்று கவுண்டரில் கேட்டேன். வாசல் காவலரையும் விடவில்லை. அப்புறம்தான் இவரை இழுத்துக்கொண்டு சிரம்பானில் இருந்த அந்த ஆபீசுக்குப் போனேன்.

பமீலா என்ற தமிழ்ப் பெண் எங்கள் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினாள்.

"உங்களுக்கு நாங்க எவ்ளோ குடுக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒன்னும் வேணாங்கா."

"அப்ப உங்களுக்கு யாரு சம்பளம் போடறா?"

அவள் சிரித்தாள். கோபிக்காமல் எல்லாம் சொன்னாள். நான்கு பேங்கோடும் பேசி வட்டியைக் குறைத்து, மாதம் எண்ணூற்று ஐம்பது வெள்ளி வீதம் எட்டு வருஷம் கட்டலாம் என்றாள். நான்கு கார்டையும் எங்கள் கண் முன்னாலேயே வெட்டினார்கள். "நடுவுல வேற எங்கயும் கடன் வாங்கிடாதீங்க அண்ணே. திட்டம் ரத்தாயிடும். பேங்க் கேஸ் போட்டா வீடு வரைக்கும் வந்துடும்" என்றாள். எங்களுக்கென்று இருப்பது அந்த ஒரு வீடுதான்.

வீட்டுச் செலவுகளை எழுதச் சொன்னாள். இவர் நாய்க்கு வாங்கும் கோழித்தலை வரை எழுதினார். "வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற செலவு ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று பட்டென்று சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வாயில் வராத சொல் அன்றைக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது?

மூன்று வாரத்தில் உபயக் கூட்டம் வந்தது. முதல் நாள் இவர் தானே வேட்டியை இஸ்திரி போட்டார். சட்டைப் பையில் நான் கை விட்டேன். ஒரு சின்ன மஞ்சள் தாள். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருப்பார்களே, உடனடிக் கடன் என்று, அந்த வட்டிக்காரன் நம்பர். திரும்ப அங்கேயே வைத்தேன். சண்டை போட்டால் மறைத்துக்கொள்வார் என்று தெரியும்.

"சும்மா தலையக் காட்டிட்டு வந்துடறேன் ரதி" என்றார் சனிக்கிழமை காலையில்.

"நானும் வரேன்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். தட்டை மட்டும் வாங்கினார் என்றால் அங்கேயே என்ன செய்வது என்று லிங்கி போகிற வரை யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை. பயமாக இருந்தது.

கோயில் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குப் பாய். சத்தியசீலன் மனைவி ரோகினி பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அவள் கையில் வளையல் இல்லை. "பாலிஷ் போடக் குடுத்திருக்கேங்கா" என்றாள், நான் கேட்காமலே. சத்தியசீலன் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்து, நிறுத்தி, தொடை மேல் கவிழ்த்து வைத்தார். மறுபடியும் அடித்தது, மறுபடியும் கவிழ்த்தார். ஒவ்வொரு தடவையும் ரோகினி பாயின் நுனியைப் பிய்த்தாள்.

"ஆறாம் நாளு, சன்னாசி குடும்பம்" என்று தங்கராஜு அண்ணன் தட்டைத் தூக்கினார்.

என் வீட்டுக்காரர் எழுந்து போனார். இரண்டு கையையும் நீட்டினார். போச்சு, வீடு போச்சு என்று நினைத்தேன். நீட்டிய கையைக் கூப்பிக்கொண்டார்.

"இந்த வருஷம் என்னால முடியாதுண்ணே."

"என்னாப்பா இது? உங்கப்பா நாளு!"

"எங்கப்பா அவர் சம்பளத்துல செஞ்சாரு. நான் கார்டுல எடுத்து செஞ்சேன். அறுவத்து மூவாயிரம் கடன். நேத்து வரைக்கும் வட்டிக்காரன் நம்பரப் பாக்கெட்டுல வச்சிருந்தேன். காலையிலதான் கிழிச்சுப் போட்டேன். மன்னிச்சிடுங்க."

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனைப் போய் மூன்று வாரமாகத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறேனே! அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

தங்கராஜு அண்ணன் தட்டைச் சத்தியசீலன் பக்கம் திருப்பினார். "சத்தியா, ஆறும் ஏழும் நீயே எடுத்துக்க. ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இளிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்தார். கைபேசி மறுபடியும் அடித்தது. நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். பக்கத்தில் ரோகினி என் முழங்கையைப் பிடித்தாள், வலிக்கிற அளவுக்கு.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, எழுந்து நின்று கத்தினேன்.

"எடுக்காதீங்கண்ணே!"

"பொம்பளைங்க சும்மா உக்காருங்க லா" என்றார் தங்கராஜு அண்ணன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. சத்தியாண்ணே, எத்தன கார்டு வச்சிருக்கீங்க? சொல்லுங்க, எத்தன?"

சத்தியசீலன் அத்தனை பேர் முன்னால் கையை நீட்டியபடியே நின்றார். பாயில் இருந்து ரோகினி குரல்தான் வந்தது.

"அஞ்சுக்கா." என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. அவளும் எழுந்தாள். "அஞ்சு கார்டு! ஒரு லாரியும் போச்சு. உங்க ஆறாம் நாளப் பாத்துப் பாத்துத்தாங்கா இவரு செஞ்சாரு."

சத்தியசீலன் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பாதியில் நின்று, திரும்பிப் போய், இஸ்திரி போட்ட வேட்டியோடு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.