தலையாட்ட மறுத்த போதகரம்மா

வுவாஹங்கி கோபக்காரி என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கோபப்படுகிற வரைக்கும் எங்கள் ஜனம் அவளை என்ன பாடு படுத்தியது என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. கோயிலைத் திறந்து, பெருக்கி, மணியடிக்கிற வேலை என்னுடையது. எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

நார்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஃபியோர்டின் கடைக்கோடியில் இருக்கிற எங்கள் சபைக்கு வர எந்த நார்வேக்காரப் போதகருக்கும் மனமில்லை. பனிக்காலத்தில் சூரியன் மலையைத் தாண்டி எட்டிப் பார்க்காத ஊர். கடைசியில் மடகாஸ்கரிலிருந்து ஹெரி வந்தார், மனைவி வுவாஹங்கியோடு. அவர் ஏற்கெனவே இங்கே ஸ்தவாங்கர் நகரில் படித்தவர், எங்கள் பாஷை சரளமாக வரும், அவளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். எதற்கும் சிரித்துவிட்டுப் போகிற மனிதர். அவள் ஊரில் மேல்நிலைப் பள்ளிக் கணக்கு டீச்சர். இங்கே வந்த நாளிலிருந்து வெறும் போதகரம்மா.

அவள் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. "வாயில நுழையலம்மா. வீவின்னு கூப்பிட்டுக்கறோம்" என்றார் குத்ரூன். மிஷன் பெண்கள் சங்கத்தின் தலைவி அவர். அவருடைய தாத்தா மடகாஸ்கரில் மிஷனரியாக இருந்தவர். அந்தத் தாத்தாவைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதி அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். அவர் ஏற்பாட்டில் முழங்கை கிழிந்த ஸ்வெட்டர்களை மூட்டை கட்டிப் போதகர் வீட்டு வாசலில் வைத்தார்கள்.

"எங்க ஊரும் மலைதான் ஓசே அக்கா. அங்கயும் குளிரும். என்கிட்ட ஸ்வெட்டர் இல்லைன்னு இவங்ககிட்ட யாரு சொன்னது?" என்று என்னிடம் கேட்டாள். மூட்டையைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அந்த நவம்பரில், மடகாஸ்கருக்குப் பணம் திரட்டுகிற மிஷன் பஜார் வந்தது. ஜெபவீடு முழுக்க வாஃபிள் வாசனை. பின்னிய காலுறைகள், குலுக்கல் சீட்டுகள். வாசல் மேசையில் காணிக்கைப் பெட்டி. அதன்மேல் மண்டியிட்டுக் கைகூப்பிய கறுப்புக் குழந்தை பொம்மை. காசு போட்டால் நன்றி சொல்வதுபோலத் தலையாட்டும். குத்ரூனின் தாத்தா காலத்துப் பெட்டி அது.

குத்ரூன் வுவாஹங்கியின் கையைப் பிடித்து இழுத்துவந்து அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்கயே நில்லு வீவி, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். எவ்வளவு பொருத்தமா இருக்கு பாரு!"

"எதுக்குப் பொருத்தம்?"

அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் காசு போட்டார். பொம்மை தலையாட்டியது. வுவாஹங்கி பெட்டியைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோட்டைக்கூடப் போடாமல் மழையில் இறங்கி நடந்தாள்.

கோட்டை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வீட்டுச் சமையலறையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"கொடுத்துடலாம் வுவா. அவங்க கெட்ட எண்ணத்துல செய்யல" என்றார் ஹெரி.

"கெட்ட எண்ணம் இல்லாமத்தான் கிழிசலைக் கொண்டுவந்து போட்டாங்க. கெட்ட எண்ணம் இல்லாமத்தான் எம் பேரையும் பிடுங்கிக்கிட்டாங்க. இன்னும் எதைப் பிடுங்கினா உங்களுக்கு வலிக்கும்?"

"நாம ஊழியத்துக்கு வந்திருக்கோம்."

"நீங்க ஊழியத்துக்கு வந்தீங்க. என்னைக் கண்காட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

சில நாள் கழித்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹெரி பெட்டியை எடுத்துப்போய் குத்ரூனிடம் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். குத்ரூன் அதைத் தன் வீட்டில், சாலையைப் பார்த்த ஜன்னலில் வைத்தார். வுவாஹங்கிக்கு விஷயம் தெரிந்ததே அந்த ஜன்னலைப் பார்த்துத்தான்.

அதன்பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டுக் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடைத்தாள் திருத்தினாள். "கடவுளோட எனக்குச் சண்டை இல்லக்கா. அவர் வீட்டுச் சாவி யார் கையில இருக்குங்கறதுதான் சண்டை" என்றாள் ஒருமுறை.

"சாவி என் கையிலதானடி இருக்கு" என்றேன். அன்று மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

இரண்டு பனிக்காலம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை கடையில் நானும் இருந்தேன். அவள் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஊர் இளவட்டங்கள் சிலர் அவளைப் பார்த்துக் கைகூப்பி, அந்தப் பொம்மை மாதிரியே மெதுவாகத் தலையாட்டிச் சிரித்தார்கள். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பழகிப்போனவள்போல நடந்தாள். பின்னால் உருளைக்கிழங்குப் பையோடு ஹெரி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அது புதிது.

பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே போனார். அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து நானும் கூடவே ஓடினேன். நேராக குத்ரூன் வீடு. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வரவேற்பறைக்குள் போய் நின்றார்.

"குத்ரூன் அம்மா, உங்க தாத்தா எங்க ஊருக்கு வந்தப்ப எங்க பாஷையைக் கொலை பண்ணினார். கிணறுன்னு சொல்ல வேண்டிய இடத்துல கல்லறைன்னு சொல்லியிருக்கார். எங்காளுங்க அவரைப் பொம்மையா செஞ்சு ஜன்னல்ல வைக்கல. அவர் பேர் அவங்க வாயிலயும் நுழையலதான். நாக்கு சுளுக்கிக்கிட்டாவது சொல்லிப் பழகினாங்க!"

"என் வீட்டு ஜன்னல்ல நான் எதை வேணா வைப்பேன் பாஸ்டர்."

"வைங்க. அந்தப் பெட்டி இருக்கிற பஜார்ல நான் இனிமே ஜெபம் பண்ண மாட்டேன். அதுல விழற காசும் எங்க ஊருக்கு வேண்டாம்!"

பிரசங்க மேடையில்கூட அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்து நின்றார். பாவம், என்னவோ எதிர்பார்த்தார்.

"இதுக்கு உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சா?" என்றாள் அவள். அவ்வளவுதான். அன்று மேசையில் அவள் தனக்கு மட்டும்தான் தட்டு வைத்தாள்.

ஊர் இரண்டுபட்டது. பிஷப்புக்குப் புகார் போனது. பிஷப் வந்தார், காப்பி குடித்தார், போதகர் சொன்னதில் தப்பில்லை என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டுப் போனார். குத்ரூன் பெட்டியை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார். ஹெரியின் கையால் திருவிருந்து வாங்க மாட்டேன் என்று, சங்கத்துப் பெண்கள் சிலரோடு ஞாயிறுதோறும் படகேறி அக்கரைக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். இன்றும் போகிறார்.

ஈஸ்டருக்கு வுவாஹங்கி கோயிலுக்கு வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போதும் அதுதான் அவள் இடம். பெண்கள் சங்கத்தில் சேரவில்லை. வாஃபிள் சுடக் கூப்பிட்டால், "எனக்குச் சுடத் தெரியாது" என்கிறாள். கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

ஞாயிறு காலை அவள் கோயிலுக்கு ஏறி வரும்போது குத்ரூன் படகுத்துறைக்கு இறங்கிப் போவார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. சுவிசேஷம் மன்னிப்பைச் சொல்கிறது, தெரியும். நான் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்ப்பேன். குத்ரூன் தலை மறைகிற வரைக்கும் எனக்குக் கோபம் அடங்காது. அப்புறம்தான் மணியடிப்பேன்.