ஹார்டு டிஸ்க்குக்கு ஹார்ட்னஸ் டெஸ்ட்

1. எட்டு கிலோ, ஆயிரத்து இருநூறு கிலோ

கம்ப்யூட்டர் விற்கப் போன முதல் மாதமே ஏமாற்றுக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரை வைத்தவர் ஏகாம்பரம் முதலாளி. நான் எட்டு எம்பி மெமரிக்குச் சொன்ன விலைதான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மண்ணூர்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கடை இருந்தது. ஓனர் சம்பத் சார். விற்பது, மாட்டுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஒருத்திதான். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "மூணு மாசம் பார்ப்போம் ஜெசிந்தா" என்று சம்பத் சார் சொல்லியிருந்தார்.

ஏகாம்பரம் முதலாளிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் தொழிற்சாலை. லேத் ஓட்டி மேலே வந்தவர். மோட்டார் பைக்குக்கான ஸ்பிரிங்குகளை வடக்கே ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்க முயற்சி செய்துகொண்டிருந்தார். அந்தக் கம்பெனி அதிகாரி ஒருவர் தொழிற்சாலையைப் பார்க்க வருவதாக இருந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் தன் சாமான்களின் வரைபடங்களையெல்லாம் லேப்டாப்பில் காட்டினார் என்று கேள்விப்பட்டதும், எங்கள் கடையில் ஒரு லேப்டாப் வாங்கினார். அப்போது அம்பத்தூரில் லேப்டாப் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த லேப்டாப்பில் எட்டு எம்பி மெமரியும் ஐந்நூற்று நாற்பது எம்பி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. கூடுதலாக ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன், மெமரியா டிஸ்க்கா என்று நீயே சொல் என்றார். நான் இரண்டையும் மேஜைமேல் வைத்தேன்.

"இது எத்தினி எம்பி?"

"எட்டு சார். மெமரி. உள்ள இருக்கறதோட சேர்த்தா பதினாறு ஆகும்."

"இது?"

"ஹார்டு டிஸ்க் சார். ஆயிரத்து இருநூறு."

"துட்டு?"

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்தாம்மா, நான் கம்பி வாங்கறவன். ஒரு கடைக்காரன் எட்டு கிலோவையும் ஆயிரத்து இருநூறு கிலோவையும் ஒரே துட்டுக்குக் குடுத்தான்னா, ஒண்ணு அவன் பைத்தியம். இல்லாங்காட்டி எட்டு கிலோல என்னை ஏமாத்தறான். உன்னைப் பாத்தா பைத்தியம் மாதிரி தெரில."

2. பெஞ்சு

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"சார், உங்க கோடவுன்ல கம்பிச் சுருளெல்லாம் அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதுதான் ஹார்டு டிஸ்க். ஆளுங்க வேலை செய்யற பெஞ்சுதான் மெமரி. பெஞ்சு சின்னதா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் எழுந்து கோடவுனுக்குப் போய் வரணும். வேலை இழுக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். "வா" என்று தொழிற்சாலைக்குள் அழைத்துப் போனார். கம்பி சுற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் குட்டையாக ஒரு பெஞ்சு இருந்தது. அதன் ஒரு பக்கம் ரம்பத்தால் அறுத்த மாதிரி மொட்டையாக இருந்தது.

"முன்னே இது இன்னும் இவ்ளோ நீட்டு. மேல இன்னா இருக்கும் தெரியுமா? டீ கிளாஸு, டிபன் பாக்ஸு, பேப்பரு. ஒரு நாள் வந்து பாக்கறேன், ஒருத்தன் மல்லாக்க படுத்துகினு கீறான். அன்னிக்கே அறுத்துப் போட்டேன். இப்ப வேலை சும்மா பிச்சிகினு போவுது."

"சார், கம்ப்யூட்டர் படுக்காது சார்."

"நீ எத்தினி நாளா கம்ப்யூட்டர் பாத்துகினு கீற?"

"படிச்சதையும் சேர்த்து ரெண்டு வருஷம் சார்."

"பெஞ்சு பெருசா இருந்தா எதுவுமே சோம்பேறி ஆய்டும்மா. இந்த எட்டே போதும். கோடவுனைப் பெருசாக்கு."

திரும்பி வந்து சம்பத் சாரிடம் சொன்னேன். "அவர் கேக்கறதைக் குடு. அவர் பெஞ்சு, அவர் இஷ்டம்" என்றார்.

3. இன்ஸ்பெக்‌ஷன்

அடுத்த நாள் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மாட்டப் போனேன். கேட்டிலேயே அதை வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தொழிற்சாலைக்குள் எது வந்தாலும் இன்ஸ்பெக்‌ஷன் ஆகாமல் உள்ளே போகாது. அதற்குப் பொறுப்பு கன்னியப்பன். மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் வருபவர். நீலக் கோட்டு, காதில் ஒரு பென்சில். ஆயுத பூஜைக்கு வந்த பூசணிக்காயையே எடை போட்டுப் பார்த்து உள்ளே விட்டவர் என்று செக்யூரிட்டி பெருமையாகச் சொன்னார். முதலாளி வாங்கினாலும் சரி, முதலாளியின் மாமியார் கொடுத்தனுப்பினாலும் சரி, கன்னியப்பன் ஓகே சொன்னால்தான் சாமான் உள்ளே போகும்.

அட்டைப் பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், வேறென்ன பார்க்க முடியும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது. குடித்து முடித்தேன். கன்னியப்பன் ஒரு இரும்புத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தட்டில் ஹார்டு டிஸ்க். அதன் மேல் சிவப்பு அட்டை.

"சாரி மேடம். ரிஜெக்ட்டு."

"ஏன்ணா?"

"ஹார்டே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "அளவெல்லாம் கரீட்டா கீது. வெர்னியர் வெச்சிப் பாத்தேன், எல்லா எடத்துலயும் ஒரே தடிமன். அதுல குறை சொல்ல முடியாது. ஹார்ட்னஸ்லதான் அவுட்டு. முனைய எறக்கி லோடு குடுத்தேன் பாரு, முள்ளு நிக்கவே இல்ல. சர்ருனு உள்ள பூந்துடுச்சி."

ஸ்பிரிங் தொழிற்சாலைக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பு எவ்வளவு கடினம் என்று பார்க்க ஒரு மெஷின் உண்டு. வைர முனை ஒன்றைப் பெரிய பாரத்தோடு அதன் மேல் அழுத்துவார்கள். முனை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று டயலில் ஒரு முள் காட்டும். ஆழம் குறைந்தால் இரும்பு கடினம் என்று அர்த்தம். எஃகுக்கு வைத்திருக்கிற அந்த மெஷினில், மெல்லிய தகடு மூடிய என் ஹார்டு டிஸ்க்கை வைத்திருக்கிறார்.

டிஸ்க்கின் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு குழி. கையில் எடுத்து ஆட்டினேன். உள்ளே ஏதோ கலகலத்தது.

"அண்ணா, இதை எதுக்கு ஹார்ட்னஸ் பார்த்தீங்க?"

"இன்னா மேடம் இப்படிக் கேக்கறீங்க? பேரே ஹார்டு டிஸ்க்குனு போட்டு கீது. பாக்காம எப்படி உள்ள உடறது? நம்ம வாஷரு இதவிட ஹார்டு. உங்களை எவனோ நல்லா ஏமாத்திட்டான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மனசு உட்டுடாதீங்க. அடுத்த தபா நெருப்புல போட்டு டெம்பர் பண்ண சரக்கா கேட்டு வாங்குங்க" என்றார்.

4. உடைந்த ஸ்பிரிங் யார் கணக்கு?

ரிஜெக்ட் ஆன சாமான் விற்றவர் செலவில் திரும்பிப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிற்சாலையின் சட்டம். அதாவது, அவர்களே குத்தி உடைத்த டிஸ்க் எங்கள் தலையில்.

சம்பத் சார் குழியை வெகுநேரம் பார்த்தார். கோபப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "வாரண்டிக்கு அனுப்பினா காரணம் எழுதணும். இடி விழுந்துச்சுன்னாகூட எழுதலாம். வைரத்தால குத்தினாங்கன்னு எப்படிம்மா எழுதறது?" என்றார். பிறகு, "அவர்கிட்ட சாமான் வந்து சேர்ந்ததுன்னு கையெழுத்து வாங்கிட்டு வா. வாங்க முடியலைன்னா திங்கட்கிழமைலேருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, டிஸ்க்கை உடைத்தவரே எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை தட்டோடு முதலாளியிடம் போனேன். அவர் ஸ்பிரிங் சோதனை மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டே இருக்கும் மெஷின் அது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்பிரிங் டப்பென்று உடைந்தது. முதலாளி துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். டிஸ்க் மென்மையானது, மெஷினில் வைக்கக் கூடாதது என்றெல்லாம் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அந்தச் சத்தத்தில் எல்லாம் மறந்து போய், வாயில் வந்ததைக் கேட்டேன்.

"சார், உங்க கஸ்டமர் இப்படி டெஸ்ட் பண்ணி உடைச்சா, அந்த ஸ்பிரிங் யார் கணக்கு?"

"அவன் கணக்குதான். இன்னா சந்தேகம்? ஒருத்தன் ஒடைச்சிட்டு, ரிஜெக்ட்டுனு நமக்கே திருப்பி அனுப்பினான். உட்டனா நானு? அவன் ஆபீஸ் வாசல்லயே போய் குந்திகினேன்."

நான் தட்டை அவர் முன்னால் நீட்டினேன். "இதையும் டெஸ்ட்டுக்குத்தான் சார் எடுத்தாங்க."

அவர் குழியைப் பார்த்தார். கன்னியப்பனைக் கூப்பிட்டார். கன்னியப்பன் விறைப்பாக நின்று, "மொதலாளி, மால் சாஃப்ட்டு" என்றார்.

"சாஃப்ட்டோ ஹார்டோ, ஒடைச்சது நாம. எங்கம்மா கையெழுத்து?"

போட்டுக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. பேனாவை மூடிக்கொண்டே அடுத்ததையும் சொன்னார்: "ஆனா இனிமே வேற டிஸ்க்கு எடுத்துனு வராத. உன் கம்ப்யூட்டர் சாமானோட லட்சணம்தான் தெரிஞ்சி போச்சே."

ஆக, புது டிஸ்க்கும் இல்லை, மெமரியும் இல்லை. வாங்கிய லேப்டாப் வாங்கியபடியே இருந்தது.

5. படம் வருவதற்குள்

வடக்கத்தி அதிகாரி வந்தார். பெயர் ஜோஷி. லேப்டாப்பை இயக்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஸ்பிரிங்கின் படத்தைத் திறந்தேன். திரையில் மணல் கடிகாரம் வந்தது. வந்தது போகவில்லை. எட்டு எம்பியில் இடம் போதாமல், டிஸ்க்கில் எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாக லேப்டாப் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது.

முதலாளி முதலில் காப்பி கொடுத்தார். பிறகு மிக்சர். பிறகு இளநீர். பிறகு சென்னை வெயிலைப் பற்றிப் பேசினார். இந்த ஆர்டர் கிடைத்தால் புதிதாக இன்னொரு ஷிப்ட் ஆரம்பிப்பதாக அவர் ஆட்களிடம் சொல்லியிருந்தார். ஜன்னல் வழியாக அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜோஷி எழுந்தார். "இது வரட்டும். நான் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, தொழிற்சாலைக்குள் நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

மெஷின்களைப் பார்த்தார். குட்டைப் பெஞ்சைப் பார்த்தார். கம்பி வேலி போட்டுப் பூட்டியிருந்த ரிஜெக்ட் அலமாரி முன்னால் நின்றுவிட்டார். வளைந்த கம்பிகளுக்கும் கோணல் வாஷர்களுக்கும் நடுவில் சிவப்பு அட்டையோடு ஒரு ஹார்டு டிஸ்க்.

"இது என்ன?"

கன்னியப்பன் முன்னால் வந்தார். "நேம் ஹார்டு சார். மெட்டீரியல் சாஃப்ட்டு. நாட் அலவுடு."

"யாருடையது?"

"ஓனர் கம்ப்யூட்டர் சார்."

"ஓனர் வாங்கியதையுமா ரிஜெக்ட் செய்தீர்கள்?"

"ஓனர் சேம், அதர் பார்ட்டி சேம் சார்."

ஜோஷி பூட்டைத் திறக்கச் சொல்லி, டிஸ்க்கை எடுத்துக் குழியைத் தடவிப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. சிரித்து முடித்த ஜோஷி, கன்னியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முதலாளியின் சாமான் வரும்போது கண்ணை மூடிக்கொள்கிற இன்ஸ்பெக்டர்களைத்தான் நான் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன்" என்றார்.

நாங்கள் அறைக்குத் திரும்பியபோது படம் திறந்திருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் ஆர்டர் வந்தது.

6. கழற்றப் போன கதை

ஆர்டர் வந்த சந்தோஷத்தில் மெமரி வாங்குவார் என்று நினைத்துப் போனேன். முதலாளி இனிப்புக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் சொன்னேனா இல்லியா? பெஞ்சு பெருசா இருந்து படம் டக்குனு வந்திருந்தா, அந்தாளு இங்கயே குந்திகினு பாத்துட்டு கார் ஏறியிருப்பான். எட்டு எம்பிதாம்மா நமக்கு ஆர்டர் வாங்கிக் குடுத்துச்சி."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான்.

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. நான் பெஞ்சு என்றேன், அவர் பெஞ்சோடு சண்டை போட்டார். பெஞ்சைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கஸ்டமருக்கு உவமை சொன்னால், அவர் உவமையில் நம்மை ஜெயித்துவிடுவார்.

சில மாதங்களில் மெமரி விலை இறங்கியது. ஒரு எட்டு எம்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். "இதைச் சும்மா ஒரு வாரம் மாட்டி வெச்சிட்டுப் போறேன் சார். அப்புறம் வந்து கழட்டிக்கறேன்" என்றேன். கோடவுன், பெஞ்சு என்று வாயே திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு படத்தை மூடுவதும் இன்னொன்றைத் திறப்பதுமாக இருந்தார். நான் லேப்டாப் பக்கம் கையைக் கொண்டுபோனதும், பட்டென்று தட்டிவிட்டார்.

"இன்னா அவசரம் உனக்கு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. பில்லைக் குடு." எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கன்னியப்பன் கைல மட்டும் சொல்லிடாத. டெஸ்ட்டுக்கு இஸ்துகினு பூடுவான்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு மெமரி வேண்டும், எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று கஸ்டமரோடு பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மாட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கழற்றப் போங்கள். பேசாமல் கழற்ற விட்டால் அவருக்கு அது தேவையில்லை, நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு வாருங்கள். கையைத் தட்டிவிட்டால் பில் புத்தகத்தை எடுங்கள். ரிட்டயர் ஆகும்வரை நான் செய்த டெஸ்ட் இது ஒன்றுதான். இதில் ஒரு சாமான்கூட உடைந்ததில்லை.