நெவிஸ் மலை தொப்பி கழற்றிய காலை

போன மார்ச்சில் நானும் என் மனைவி சரோஜாவும் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான நெவிஸுக்குப் போய்வந்தோம். சென்னையிலிருந்து மூன்று விமானம், ஒரு படகு. மகன் அங்கே கல்லூரியில் வேலை பார்க்கிறான். எனக்கு எழுதத் தெரியாது. போனில் நான் சொல்லச் சொல்ல அவன் தட்டுகிறான். கண்ணால் பார்த்தது எதையும் நான் மறப்பதில்லை.

எங்கள் கொரட்டூர் ஏரிக்கரையைவிட உயரமான மேட்டில் ஏறாத ஆள் நான். அங்கே போனால் தீவே ஒரு மலை! நடுவில் உறங்கும் எரிமலை, சுற்றிலும் பாவாடை விரித்தாற்போல் சரிவு, அதன் விளிம்பில் கடல். உச்சி மட்டும் எந்நேரமும் மேகத்துக்குள்.

முதல் நாள் நான் எழுந்தபோது மணி எட்டு.

"விடியக்காத்தால உச்சி பளிச்சுனு தெரிஞ்சுது. நான் பாத்துட்டேன்," என்றாள் சரோஜா.

"எழுப்பறதுக்கு இன்னா?"

"எழுப்புனேன். உன் கொறட்டைல உனக்கே காது கேக்கல."

அதோடு என் நிம்மதி போயிற்று. பார்க்காமல் ஊர் திரும்பினால் காலமெல்லாம் சொல்லிக் காட்டுவாள். இருப்பதோ நான்கு நாள்.

மறுநாள் டாக்சியில் தீவைச் சுற்றினோம். சுமார் முப்பத்துமூன்று கிலோமீட்டர். நின்று நின்று போக மூன்று மணி நேரம். கிழக்குக் கரையில் அலை பாறையை அறைகிறது. காற்றுக்கு மரமெல்லாம் மேற்கே சாய்ந்து வளர்ந்திருக்கிறது. மேற்குக் கரையிலோ கடல் எங்கள் ஏரிபோல் அசையாமல் கிடக்கிறது. மழைநீர் ஓடும் பள்ளங்கள் உச்சியிலிருந்து குடைக்கம்பிகள்போல் எல்லாப் பக்கமும் இறங்குகின்றன. வெந்நீர் ஊற்று வேறு. காலை வைத்தேன், முட்டிவலி அன்று முழுக்க எட்டிப் பார்க்கவில்லை.

உச்சியைப் பற்றி ஓட்டுநரிடம் கேட்கச் சொன்னேன். மகன் கேட்டுச் சொன்னான்: "கிழக்குக் காத்து மலைல ஏறி மேகமாயிடுதாம் நைனா. அது மலையோட தொப்பியாம். சர்ச்சுக்குப் போனாகூட கழட்டாதாம்."

"உங்கம்மாவுக்கு மட்டும் கழட்டுச்சாமே."

சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி நாள் காலை, விமானம் பிடிக்கப் பக்கத்துத் தீவுக்குப் படகு. முக்கால் மணி நேரப் பயணம். எல்லோரும் முன்னால் போக, நான் விடாப்பிடியாகக் கடைசி இருக்கையில் மலையைப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் சரோஜா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பாதி வழியில் மேகம் விலகியது. பச்சைப்பசேலென்று, கூராக, முழு உச்சி! என் கை தானாக அவள் தோளைத் தட்டியது.

கண் திறந்தவள் எழுந்தே நின்றுவிட்டாள். பிறகு, "இம்மாம் ஒசரமாயா கீது?" என்றாள்.

"நீதான் அன்னிக்கே பாத்தியே?"

"சும்மா இருய்யா. மூடிக்கப் போவுது, பாரு."

பார்த்தோம், மூடும்வரை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தீவைச் சுற்ற அரை நாள் போதும். கிழக்குக் கரையில் கடலில் இறங்காதீர்கள். திரும்பும் படகில் கடைசி இருக்கையைப் பிடியுங்கள். கூட வருகிறவரைத் தூங்க விடாதீர்கள்.