வெயிலுக்குப் போகாத நஞ்சு

விருதுநகரில் என் வீட்டு மொட்டை மாடியில் காயும் இந்த நீலத் தார்ப்பாய் மதினி கொடுத்தது. ஓரத்துக் கிழிசலைச் சாக்கு ஊசியால் தைத்ததும் அவள்தான். அண்ணனைக் கட்டி ஆமத்தூருக்கு வந்த நாளிலிருந்து, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிகளை வெயிலில் காயவைப்பதுதான் அவளுக்கு வேலை. அதனாலோ என்னவோ, வெயிலை நம்பிய அளவுக்கு அவள் சாமியைக்கூட நம்பியதில்லை. தலையணை நாறினாலும் வெயில், அப்பளம் நமத்தாலும் வெயில். எனக்குச் சளி பிடித்தால்கூட, "போயி வெயில்ல நில்லுத்தா" என்பாள்.

ஓர் ஐப்பசி அடைமழையில், பசுவுக்கென்று மூட்டை கட்டி வைத்திருந்த மக்காச்சோளத்தில் ஈரம் ஏறி, பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்துவிட்டது. மதினி கலங்கவே இல்லை. மழை வெறித்ததும் இதே தார்ப்பாயில் பரப்பிக் காயவிட்டு, துணியால் தேய்த்துப் புடைத்தாள். மணிகள் பளிச்சென்று ஆயின. அரைத்துப் பசுவுக்கு வைத்தாள். சில வாரங்களில் பசு தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப்போட்டது. பாலும் பாதியாகக் குறைந்தது.

வந்து பார்த்த மாட்டு டாக்டர் மிச்சச் சோளத்தைக் கிளறிவிட்டு, இதை இனிமேல் வைக்காதீர்கள் என்றார். மதினிக்குச் சுருக்கென்று கோபம். "நமத்த மருந்தே வெயில்ல காஞ்சா வெடிக்குது. சோளம் சரியாகாதா? என்ன சார் சொல்றீக?" வெடிக்குள் போகும் பொடிக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். டாக்டர் சிரிக்கவில்லை. "பூசணம் காஞ்சு உதுந்துரும்மா. அது விட்ட நஞ்சு உள்ளயேதான் இருக்கும். வெயிலுக்கும் போகாது, வேகவச்சாலும் போகாது. ஈரலைக் கெடுக்கும். பால்லயும் இறங்கும். ஆமா, பாலை யாரு குடிக்கிறது?"

மதினி வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். பாலும் சோறும் தவிர வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளை. அன்று கறந்த பாலை மதினி சாக்கடையில் கொட்டினாள். மகள் தம்ளரும் கையுமாக நின்று அழுதாள். கோழித் தீவனத்தில் கலந்துகொள்கிறேன் என்று சோளத்தைக் கேட்டு ஒரு வியாபாரி வந்தார். "அந்தக் கோழியவும் யாரு வீட்டுப் பிள்ளையாவதுதான திங்கும்?" என்று அவரை அனுப்பிவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் குழியில் தள்ளி மூடினாள். பசு தேறிவிட்டது. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

நேற்று நான் இந்தத் தார்ப்பாயில் பரப்பியது நிலக்கடலை. மழையில் நனைந்து பூசணம் பூத்திருந்தது. எல்லாம் தெரிந்தும், வெயிலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. பிறகு எனக்கே வெட்கமாகி, அள்ளிக் கொட்டிவிட்டு, மதினிக்குப் போன் போட்டுக் கடலை பூத்த கதையைச் சொன்னேன்.

"வெயில்ல வச்சுப் பாத்தியாக்கும்?"

"வச்சேன் மதினி."

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் குரல் தாழ்ந்தது. "பாலைக் கொட்டுனதுக்கு நான் அழுகலத்தா. அதுக்கு முன்னால ஊத்திக் குடுத்தேன் பாரு, அதுக்குத்தான் இன்னமும் அழுகுறேன்."

தார்ப்பாயைக் கழுவி, வேறெங்கே, வெயிலில்தான் போட்டிருக்கிறேன்.